இடது பக்கம் மட்டும் திரும்பும் டில்லர்

ஆவணி 4, புதன்

டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். ஊசி போடுகிற டாக்டரம்மா இல்லை. கையைக் காலை நீட்டி மடக்கிவிடுகிற டாக்டரம்மா. ஹெலன் என்று பெயர், என் மகனைவிட வயது குறைவு. "அய்யா, வலது கையால தினமும் ஏதாச்சும் எழுதுங்க. அதான் கைக்குப் பயிற்சி. வர்றப்ப எடுத்துட்டு வந்து காட்டணும்" என்றது. நான் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை தாயி என்றேன். "கையெழுத்துப் போட்டீங்களே?" என்று பிடித்துக்கொண்டது.

அது ஒரு கதை. நான் இளவட்டமாக இருந்தபோது ஊர் மந்தையில் சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அ, ஆ படிக்கவா போனேன்? மந்தைக்கு அடுத்த தெரு போதுமணியின் தெரு. தண்ணீர்க் குடத்தோடு அவள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவள் நடையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் எழுத்தும் வந்துவிட்டது, அவளும் வந்துவிட்டாள். போதுமணி என்றால் போதும் என்று வைத்த பெயர். அவள் வீட்டில் வரிசையாகப் பெண்பிள்ளைகள். இவளோடு போதும் சாமி என்று பெயர் வைத்தார்கள். அப்புறம்தான் தவசி பிறந்தான். அவளை எழுத்துப் படிக்க விடவில்லை. இன்றைக்கும் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். சித்திரையில் திராட்சைக் கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே தூர்மேல் சாய்ந்தேன். வலது பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது. பேச்சு திரும்பி வந்தது. காலும் இழுத்து இழுத்து வந்தது. கை வந்துகொண்டிருக்கிறது.

இது மருந்துக்கடைக்காரர் போன வருடம் கொடுத்த டைரி. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு, நாள்காட்டியில் இருக்கிற தேதியைப் போடுகிறேன்.

ஆவணி 5, வியாழன்

எழுதினேன். நாலு வரி எழுதிக் கிழித்துப்போட்டேன். கோழி கிளறியது போல இருந்தது.

ஆவணி 6, வெள்ளி

தவசி வந்தான். என் மச்சினன். நல்லவன்தான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைத் தூக்கிப் புரட்டிக் கழுவிவிட்டது அவன்தான். அதனால்தான் அவனிடம் கோபப்படவும் முடியவில்லை.

"மச்சான், புரட்டாசிக் கடைசில கவாத்து வருது. கொடியக் கவாத்து வெட்டுன கையோட மண்ணக் கெளறி எருப் போடணும். யாரு செய்யுறது?"

"டில்லருக்குச் சொல்லிக்கிரலாம்."

"யாருக்குச் சொல்லுவீக? செல்லாண்டி டில்லர வித்துட்டு கேரளாவுக்குப் போயிட்டான். மத்தவன் எவனும் ஒங்க பந்தலுக்குள்ள வரமாட்டேங்கிறான். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடியுதுங்கிறான்."

அது உண்மை. என்னைப் பெற்ற அய்யா குள்ளம். அவர் உயரத்துக்குக் கல்லுக்கால் நட்டுப் பந்தல் போட்டார். பெரிய டிராக்டர் வரப்போடு நின்றுவிடும். பின்னாலேயே நடந்து ஓட்டுகிற டில்லர்தான் உள்ளே நுழையும். ஒரு காலத்தில் மாடு கட்டி உழுதோம். அதில் ஒரு மாடு பந்தல் நிழலுக்குப் பயந்து, உள்ளே வந்ததும் படுத்துக்கொள்ளும். அதன் கதை இருக்கட்டும்.

தவசி சுற்றி வளைக்காமல் சொன்னான். "தோட்டத்த எங்கிட்ட குத்தகைக்கு விடுங்க. நீங்களும் அக்காவும் திருப்பூர்ல மகங்கிட்ட போய் இருங்க. மருமகப்பிள்ளைகிட்டயும் பேசிட்டேன்."

போனில் மகனும் "மாமா சொல்றது சரிதாம்ப்பா" என்றான். அவன் வீடு மூன்றாவது மாடி. சன்னலைத் திறந்தால் இன்னொருவர் சன்னல். போன தடவை போயிருந்தபோது, அந்த வீட்டில் என்ன குழம்பு என்று நான் சொல்ல, அந்த அம்மாள் பட்டென்று சன்னலைச் சாத்திவிட்டது.

எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. "மோட்டார் ரூம்ல எம் பழைய டில்லர் கெடக்கு. அத எடுத்து ரிப்பேர் பண்ணி, நானே உழுவேன்" என்றேன்.

தவசி என் கையைப் பார்த்தான். "சரி மச்சான். கவாத்து முடிஞ்சு ஒங்க கையால நீங்க உழுதீகன்னா நான் வாயத் தெறக்க மாட்டேன். முடியலைன்னா எங்கிட்ட விட்ரணும். பேச்சுப் பேச்சுதான்."

பேச்சுதான் என்றேன். போதுமணி அடுப்படியில் பாத்திரத்தை ஒரு போடு போட்டாள்.

ஆவணி 9, திங்கள்

மோட்டார் ரூமில் சாக்குகளை விலக்கினோம். செல்லாண்டி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து இதை யாரும் தொடவில்லை. சிவப்பாக இருந்த வண்டி மண் நிறத்துக்கு வந்துவிட்டது. காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. போதுமணி கையை விட்டு எடுத்த பஞ்சு ஒரு தலையணைக்கு ஆகும். டீசல் டாங்கியில் துரு. பெல்ட்டைத் தொட்டதும் முறுக்கு மாதிரி ஒடிந்தது.

இது வந்த நாளில் ஊரே வேடிக்கை பார்த்தது. லாரியிலிருந்து பலகை வைத்து இறக்கும்போது, பூசாரி எதிரே நின்று தேங்காய் உடைத்தார். உடைத்தவர் விலகவில்லை. நான் திருப்பத் தெரியாமல் அவர் வேட்டியை மண் கிளறுகிற கத்தியில் சுற்றிவிட்டேன். பாவம், உள்ளே கோவணம் இருந்ததால் மானம் தப்பியது. அதற்குப் பிறகு இந்த வண்டியைக் கண்டால் அவர் தெருமாறிப் போவார்.

இன்று ஒரு நட்டுக்கூடக் கழற்ற முடியவில்லை. இடது கை பழகவில்லை. ஸ்பேனரைப் போதுமணி வாங்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் திருக்கணும்?"

"இங்கிட்டு."

"இங்கிட்டுன்னா எங்கிட்டு? ஒங்களுக்கு இங்கிட்டா, எனக்கு இங்கிட்டா?"

அரை மணி நேரத்துக்கு மேல் எங்களுக்குள் இதுவே நடந்தது. கடைசியில் நட்டும் கழன்றது.

ஆவணி 13, வெள்ளி

ஹேண்டில் போட்டுச் சுற்றினால் அசையவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் மண்டையைக் கழற்றி டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்திருக்கிறோம். ஊறட்டும்.

நடந்து வீடு வருவதற்குள் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் வேலை செய்யாமலே இந்த அசதி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. போதுமணி நின்று நின்று கூட வந்தாள். வெயிலைக் குறை சொன்னாள். வெயில் அவ்வளவு இல்லை.

ஆவணி 20, வெள்ளி

ஆஸ்பத்திரி. ஹெலன் டாக்டரம்மா டைரியைப் புரட்டிப் பார்த்தது. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்து, "அய்யா, எழுத்து எவ்வளவு திருந்திருச்சு பாருங்க! கை நல்லா வருது!" என்று பக்கத்தில் இருந்த நர்சிடமும் காட்டியது. நர்சும் சிரித்தது.

போதுமணி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதனுக்கு உள்ளே எத்தனை எலும்பு!

வரும் வழியில் கனி பாய் பட்டறை. எஞ்சினுக்குள் டீசல் தெளிக்கிற நாசிலைச் சரிபார்க்கக் கொடுத்தேன். கனி பாய் நல்ல மெக்கானிக். ஆனால் வேலையைவிட வாய் அதிகம் ஓடும்.

"என்னய்யா சுருளி, அந்த வண்டி இன்னுமா இருக்கு? நீ பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேன்னுல்ல நான் நெனச்சேன்."

"ஓடும் பாய்."

"ஓடும். ஓட்டுறது யாரு?"

"நான்தான்."

கனி பாய் நாசிலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போதுமணியிடம் திரும்பி, "தங்கச்சி, ஹேண்டில் சுத்துறப்ப கட்டைவிரல மத்த விரலுக்கு எதுக்கால வளைச்சுப் பிடிக்கக்கூடாது. எல்லா விரலும் ஒரே பக்கம் இருக்கணும். எஞ்சின் எதிர்த்து ஒதச்சா கட்டைவிரலு போயிரும்" என்றார். எனக்குத் தெரியாததா? இதை எதற்கு அவளிடம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி 24, செவ்வாய்

பிஸ்டன் விட்டுவிட்டது. கட்டையை வைத்துப் போதுமணி சுத்தியலால் தட்டினாள். "மெதுவா, மெதுவா" என்று நான் கத்தக் கத்த ஓங்கி ஒன்று வைத்தாள். சளக்கென்று இறங்கியது.

"மெதுவா மெதுவான்னே இத்தன வருசம் ஓட்டிட்டீக" என்றாள். எதைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

ஆவணி 29, ஞாயிறு

வண்டி பேசிவிட்டது!

இதை ஒருவர் இரண்டு கையால் செய்ய வேண்டும். எஞ்சின் மண்டைமேல் ஒரு குட்டிப் பிடி இருக்கிறது. அதை இடது கையால் தூக்கிப் பிடித்தால் காற்று வெளியே போய், ஹேண்டில் லேசாகச் சுற்றும். வலது கையால் வேகமாகச் சுற்றி, வேகம் ஏறினதும் பிடியை விட வேண்டும். அப்போது பிடித்துக்கொள்ளும். எனக்கு ஒரு கைதானே. நான் பிடியைத் தூக்கிப் பிடித்தேன், போதுமணி சுற்றினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள்.

"விடுங்க!"

"இன்னுங் கொஞ்சம் வேகம்!"

"எங்கையி கழண்டுரும், விடுங்கன்னா!"

விட்டேன். கரும்புகை ஒன்று புஸ்ஸென்று வந்து அடங்கிப்போயிற்று. மறுபடி. மறுபடி. பைப்பில் காற்று அடைத்திருந்தது. நட்டை இளக்கிக் காற்றை எடுத்துவிட்டு மறுபடி. அப்புறம் டுப், டுப் என்று இருமி, ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. மோட்டார் ரூம் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தன. போதுமணி முகம் பூராவும் கரி. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

புரட்டாசி 3, வெள்ளி

பெல்ட், கேபிள் எல்லாம் புதிது போட்டாயிற்று. களத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

டில்லருக்கு ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு கைப்பிடிக்குக் கீழேயும் ஒவ்வொரு பிடி. இடது பிடியை அமுக்கினால் இடது சக்கரம் ஓய்ந்து வண்டி இடப்பக்கம் திரும்பும். வலதை அமுக்கினால் வலப்பக்கம். இடது பக்கம் அருமையாகத் திரும்புகிறது. வலது பக்கம் திருப்பவில்லை. திருப்பத் தேவையும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். தோட்டத்தைச் சுற்றி வெளியிலிருந்து உள்ளே இடது பக்கமாகவே வளைந்து வளைந்து போனால், வலது பக்கமே திருப்பாமல் முழுத் தோட்டத்தையும் உழுதுவிடலாம். நத்தை ஓடு மாதிரி.

இதைப் போதுமணியிடம் மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வரிசைக்கு நடுவுல கல்லுக்கால் நிக்குதே, அதச் சுத்தி எப்படி வளைவீக?"

அது சின்ன விஷயம் என்றேன்.

புரட்டாசி 7, செவ்வாய்

மத்தியான மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவருகிறது. சாப்பிட்டுப் படுத்தால் அடித்துப் போட்டது போலக் கிடக்கிறேன். இன்று தூக்கத்திலேயே எங்கோ டில்லர் சத்தம் கேட்டது. கிழக்குத் தோட்டத்துக்காரர்கள் வாழைக்கு உழுகிறார்கள் போலிருக்கிறது. கெட்டிக்காரர்கள், மழைக்கு முன்னாலேயே முந்திக்கொள்கிறார்கள்.

வலது கை சைலன்சரில் பட்டு லேசாகச் சுட்டுவிட்டது. போதுமணிதான் பார்த்தாள். "தோலு கருகுற வாடை வருது, நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கீக!" என்று கையை இழுத்தாள். பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை.

புரட்டாசி 11, சனி

டாங்கியில் டீசல் குறைந்திருக்கிறது. எங்கும் ஒழுகவில்லை, நானே தடவிப் பார்த்துவிட்டேன். யாராவது எடுத்திருக்க வேண்டும். ரூம் சாவி ஓட்டுக்கு இடையில்தான் இருக்கும், எல்லோருக்கும் தெரியும். போதுமணியிடம் சொன்னேன்.

"எலி குடிச்சிருக்கும்" என்றாள்.

அவள் உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தாள். என்ன என்றேன். அம்மி கடித்துவிட்டதாம். மத்தியானம் மறுபடி அந்தக் கிழக்குத் தோட்டத்துச் சத்தம். அவர்கள் எத்தனை ஏக்கரைத்தான் உழுகிறார்களோ.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. டில்லருக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பொரிகடலை. பூசணிக்காய் உடைக்கும்போது பூசாரி வந்திருந்தார். தள்ளியே நின்றார். இப்போது மடித்துக் கட்டாமல் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வயது ஆகிவிட்டது. "சுருளி, ஒனக்கு இது மறுபொறப்புய்யா" என்றார். வண்டியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. இரண்டு பொரி கொறித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

புரட்டாசி 22, புதன்

கவாத்து ஆரம்பம். ஆட்கள் கத்திரியோடு வந்துவிட்டார்கள். கொடியெல்லாம் மொட்டையாகி, பந்தலுக்குள் வெயில் விழுகிறது. ஒவ்வொரு கவாத்திலும் தோட்டம் இப்படி அம்மணமாக நிற்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். முன்பெல்லாம் நானும் கத்திரி பிடிப்பேன். எந்தக் கணுவில் வெட்டுவது என்று கை தானாகப் போகும். இன்று வெட்டிப் போட்ட கொடியை இடது கையால் பொறுக்கினேன். ஆட்கள் "நீங்க ஒக்காருங்கண்ணே" என்றார்கள். உட்கார்ந்தேன்.

புரட்டாசி 26, ஞாயிறு

உழ ஆரம்பித்தேன். கல்லுக்கால் ஒன்று சாய்ந்துவிட்டது.

புரட்டாசி 27, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

காலையில் கத்தி மாட்டிக்கொண்டு இறங்கினேன். போதுமணி ஹேண்டில் போட்டுக் கொடுத்தாள். மேல்வரப்பு ஓரமாக முதல் வரிசை நன்றாகவே போனது. மண் பொலபொலவென்று விழுந்தது. ஈர மண்ணின் வாசனை வந்தது. நான் பழைய ஆளாகத் திரும்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கள் தோட்டம் ஓடைப் பக்கம் சரிவு. சரிவில் இறங்கும்போது டில்லர் தலைகீழாகச் செய்யும். இடது பிடியை அமுக்கினால் இடது சக்கரம் எஞ்சின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாக உருண்டு முந்திக்கொள்ளும். வண்டி வலப்பக்கம் போகும். டில்லர் பிடித்தவன் எவனுக்கும் இது தெரியும். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மனசு யோசிக்காது, கைதான் சரிவு கண்டதும் தானாக மாறி அமுக்கும்.

நேற்று அப்படி மாறி அமுக்க வேண்டிய கை வலது கை. அது கைப்பிடிமேல் சும்மா கிடந்தது. எதிரே, கொஞ்சம் வலப்பக்கமாகக் கல்லுக்கால். பயத்தில் இருக்கிற ஒரே கையால் இருக்கிற ஒரே பிடியை அமுக்கினேன். இடப்பக்கம் திரும்ப வேண்டிய வண்டி வலப்பக்கம் பாய்ந்து கல்லில் முட்டியது. கல் சாய்ந்தது. கம்பி அறுந்தது. நான் விழவில்லை. போதுமணி ஓடிவந்து எஞ்சினை அணைத்தாள்.

தவசி ஆட்களோடு வந்து கல்லைத் தூக்கி நட்டான், கம்பியை முடிந்தான். ஒரு வார்த்தை ஏச்சில்லை. வேலை முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மச்சான், ஒங்க மேல விழுந்திருந்தா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது? போதும். வியாழக்கிழமை என் ஆளுகள விட்டு மண்வெட்டியால கொத்தச் சொல்லிட்டேன். பேச்சு முடிஞ்சுபோச்சு" என்றான்.

நான் தலையை ஆட்டினேன்.

புரட்டாசி 28, செவ்வாய்

இன்று தோட்டத்துக்குப் போகவில்லை. பாயிலேயே கிடந்தேன். டைரியை எடுத்தேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் போதுமணி.

"அந்தப் பிள்ள எழுத்து திருந்திருச்சுன்னு சொன்னப்ப நீங்க எலும்பப் பாத்துக்கிட்டு இருந்தீகளே" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா."

"எனக்கு எழுத்துத்தான் தெரியாது. எந்தக் கையில எழுதுறீகன்னு தெரியாதா?"

வலது கையால் எழுதியது ஆவணி ஐந்தாம் தேதி கிழித்துப் போட்ட நாலு வரி மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் எழுதியதெல்லாம் இடது கை. அதுதான் திருந்தியது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லி? பேச்சக் குடுத்துட்டு வந்து நிக்கிறீக. ஒங்க வாயால வரட்டும்னு இருந்தேன். அது வரைக்கும் சும்மா இருக்க முடியுமா?" கீரைத் தண்டை ஒடித்தாள். "கெழக்குத் தோட்டத்துல யாரும் உழுகல. அங்க வாழையே கெடையாது, கரும்பு."

கிழக்குத் தோட்டத்தில் கரும்பு என்பது எனக்கும் தெரிந்ததுதானே. தெரிந்துதான் வாழை என்று எழுதினேனா, மாத்திரை எழுதவைத்ததா?

"சரிவுல?" என்று கேட்டேன்.

"ஓடைக்கரையிலதான் ஓட்டிப் பழகுனேன், மொத நாளு ஓடைக்குள்ளயே எறங்கிருச்சு. மறுநாளுதான் புரிஞ்சுது, அது சரிவுல சொன்னதுக்கு எதுத்தாப்புல செய்யும்னு. ஒங்க குணந்தான்."

புரட்டாசி 30, வியாழன்

காலையில் தவசியின் ஆட்கள் மண்வெட்டியோடு வரப்பில் நின்றார்கள். தவசியும் நின்றான். போதுமணி யாரையும் கண்டுகொள்ளாமல் நேராக மோட்டார் ரூமுக்குப் போனாள். இடது கையால் பிடியைத் தூக்கினாள், வலது கையால் சுற்றினாள், விட்டாள். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. என்னோடு சேர்ந்து செய்தபோது ஒருநாளும் இப்படிப் பிடித்ததில்லை.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வரப்பில் நிறுத்தினாள். ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருவன் விசிலடித்தான்.

"யக்கா, வண்டிய விடு. என்ன வெளையாட்டு இது?" என்றான் தவசி.

"வெளையாட்டா? ஒம் மண்வெட்டிய ஓரமா வை."

"பேச்சு அது இல்ல. மச்சான் தன் கையால உழுவேன்னாரு. அதான் பேச்சு. மச்சானே சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போதுமணி பார்க்கவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். இன்னும் ஒரு மாதம் போகட்டும், கை வந்துவிடும், அடுத்த கவாத்துக்கு நானே உழுவேன் மாப்ள, என்று சொல்லியிருக்கலாம். அவன் சரி என்றிருப்பான். அவன் நல்லவன். நாங்கள் திருப்பூரில் மூன்றாவது மாடியில் அந்தக் கை வருவதற்காகக் காத்திருந்திருப்போம். வாயில் அதுதான் வந்து நின்றது. எஞ்சின் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. அதனால் கத்த வேண்டியிருந்தது.

"இந்தக் கை வராது மாப்ள."

தவசிக்குக் கேட்கவில்லை போல. காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தான். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"கை வராதுய்யா! வராது! என் பேச்சு தோத்துப்போச்சு. தோட்டத்த ஒன்கிட்ட விடவும் மாட்டேன். அவ உழுவா. இனிமே அவதான் உழுவா. கோவம்னா என்னத் திட்டிக்க."

ஆட்கள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவனுக்கும் கேட்டிருக்கும்.

தவசி குனிந்து, வெட்டிக் கிடந்த கொடி ஒன்றைப் பொறுக்கினான். பிறகு ஆட்களைப் பார்த்து, "என்னடா பாக்குறீக? வெட்டுன கொடியெல்லாம் வண்டிக் கத்தில சுத்தும். பொறுக்குங்க வெரசா" என்றான்.

போதுமணி கியரைப் போட்டாள். பந்தலுக்குள் நாங்கள் எல்லோரும் குனிந்துதான் நடப்போம். அவள் குனியவில்லை. அவள் உயரத்துக்கு அளவெடுத்துப் போட்டது போல இருந்தது பந்தல். வரிசைக் கடைசியில் வலது பக்கம் திரும்பினாள். சரிவில் மாறி அமுக்கினாள். புதிதாக நட்ட கல்லுக்காலைத் தொடாமல் வளைத்துக்கொண்டு போனாள். நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவள் செய்தாள். திருப்பத்தில் இடுப்பால் வண்டியை ஒரு தள்ளு தள்ளினாள். நல்ல யோசனை. நான் ஓட்டின காலத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

"அங்க என்ன சாமி பாக்குறாப்புல நிக்கிறீக? எஞ்சின் கொதிக்குது, தண்ணி கொண்டாங்க!"

தொட்டிக்குப் போய் வாளியில் மொண்டுகொண்டு வந்தேன். இடது கை, இழுக்கிற கால். பாதி வழியில் சிந்தியது. வாங்கி முதலில் அவள் குடித்தாள். மீதியை எஞ்சினுக்கு ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி வந்தது. வாளியை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

எனக்கும் தாகமாகத்தான் இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு நடை போனேன்.